அளவு கேட்காத ஹெல்மெட்

தலைக்குப் பொருந்தாத அரை ஹெல்மெட்டைக் கொடுத்து, அதைப் போட்டே ஆக வேண்டும் என்று கேட்டில் நிறுத்தி, ஸ்டெல்லா அக்காவைக் கொன்றது நம் கம்பெனி.

செய்தி வந்தபோது டீ இடைவேளை. சூப்பர்வைசர் லைனுக்கு வந்து, "ஒரகடம் ரோட்ல ஸ்டெல்லா வண்டி ஸ்கிட் ஆயிடுச்சாம்பா. ஆள் இல்ல," என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஹெல்மெட் போட்டுதான் இருந்தாங்களாம்," என்றார். கம்பெனிமேல் தப்பில்லை என்று அதற்குப் பொருள். நான் டீயைக் கீழே ஊற்றினேன்.

அவரோடு நின்று வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயுதபூஜைக்கு அந்த ஹெல்மெட்டுகளைக் கொடுத்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனி பெயர் அச்சடித்த, காதுவரைகூட இறங்காத சட்டி. எல்லாம் ஒரே அளவு. அக்கா போட்டுப் பார்த்தார். உச்சந்தலையிலேயே உட்கார்ந்துகொண்டது.

"இன்னாக்கா, இட்லி குண்டானா?" என்றான் பேக்கிங் குமார்.

அக்கா சிரிக்கவில்லை. ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்த்து, "சார், ஷூ குடுக்கசொல்ல கால் சைஸ் எழுதிகினு போனீங்க. தலைக்கு மட்டும் இன்னா, எல்லாருக்கும் ஒரே தலையா?" என்று கேட்டார்.

"ஃப்ரீயா குடுக்குறோம்மா. போட்டோவுக்கு நில்லுங்க," என்றார் அவர்.

மறுவாரம் உத்தரவு வந்தது: அந்த ஹெல்மெட் இல்லாத வண்டிக்கு உள்ளே இடமில்லை. அக்கா தன் சொந்த ஹெல்மெட்டோடு வந்தார். கம்பெனி பெயர் இல்லை என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். ஆடிட்டுக்கு வருபவர்கள் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்.

சுங்குவார்சத்திரத்து வீட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்போது அவர் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். ஷிப்ட் முழுக்கத் தலைவலி. "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு மூஞ்சியப் பாத்து சொல்லணும். சிரிச்சிகினு நிக்கிறவன் தலையிலதான் எல்லாத்தையும் கவுப்பானுங்க," என்பார். சேஃப்டி அதிகாரியிடமும் போய்ச் சொன்னார்.

"எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

அட்ஜஸ்ட் செய்தார்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோலை பேக்கிங் கட்டரால் சுரண்டி எடுப்பது நம் லைனில் வழக்கமாகிவிட்டது. விழும்போது அடியை வாங்கிக்கொள்வதே அந்தத் தெர்மாகோல்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சேஃப்டி அதிகாரி, சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். அக்காவும் சுரண்டினார்; அதன்பின் ஹெல்மெட் அவருக்குக் கச்சிதமாக இறங்கியது. "இப்பதான் தலை என்னுதா கீது," என்றார்.

விபத்தில் அது கழன்று விழவில்லை. தலையில்தான் இருந்தது. ஹெல்மெட்டின் ஓடு உடையவும் இல்லை; அடியைத் தலைதான் வாங்கியது.

இரங்கல் கூட்டத்தில், அந்தச் சட்டியோடு எடுத்த போட்டோவுக்கே மாலை போட்டார்கள். மறுநாள் கேன்டீன் வாசலில் நோட்டீஸ்: விபத்துக்குக் காரணம், ஹெல்மெட்டைச் சேதப்படுத்திய ஊழியரின் அலட்சியம். தண்டலத்தில் கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகளுக்கு யாரோ அதைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அம்மாவேதான் பண்ணிகினாங்களா?"

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: எதிரே இருப்பவர் எவராக இருந்தாலும் நேராகச் சொல்லிவிடுவது. ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

"நோட்டீஸக் கிழிங்க சார். அளவு பாக்காம குடுத்தது நாங்கதான்னு எழுதி, அந்தப் பொண்ணு கையில நீங்களே குடுங்க."

அவர் எழுதித் தரவில்லை; அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.