இதையும் சேர்த்து எண்ணு

சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில், போன மாசி மாதம் ஒரு போர்க்கப்பல் கவிழ்ந்தது. பேரன் பல நாளாகக் குந்தியிருந்து பொருத்திய பிளாஸ்டிக் கப்பல். தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஊறுமோ, அவர்கள் முறைப்பாடு கொடுப்பார்களோ என்ற கவலையில் நான் துவாயும் கையுமாக நின்றிருந்தேன். கப்பல் ஒருமுறை ஆடிச் சரிந்தது. அதன் மூன்று பீரங்கிக் கோபுரங்களும் கழன்று தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்தன.

எனக்கு மனம் பதறியது. அவனுக்கோ பெரிய சந்தோஷம்.

"ரியல் ஷிப்பிலயும் அப்பிடித்தான் அப்பப்பா. கோபுரத்தை ஒட்டிறேல்ல. தன்ரை வெயிட்டில இருக்கும். ஷிப் கவிண்டா விழுந்திடும்."

நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த புத்தகத்தில், கடலடியில் கிடக்கும் கப்பல்களின் படங்களைப் பார்த்துப் படித்தவன். எனக்கும் ஒரு சோதனை வைத்தான்.

"சரி, இதுக்கு எத்தினை பீரங்கி?"

"பத்து. முன்னுக்கு நாலு, அதுக்கு மேல ரெண்டு, பின்னுக்கு நாலு."

"பார்க்காமல் எப்பிடித் தெரியும்?"

நான் எண்ணியிருக்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

திருகோணமலையில் அந்த வருடம் துறைமுகம் நிறைய வெள்ளைக்காரனின் சாம்பல் நிறக் கப்பல்கள். யப்பான்காரன் வரப்போகிறான் என்ற பேச்சு ஊரெல்லாம். அயலவர்கள் பெட்டி படுக்கையை வண்டிலில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் வயிற்றில் தம்பி. போவதா இருப்பதா என்ற கேள்வி தினமும் சோற்றோடு பரிமாறப்பட்டது.

அப்பா இருப்பதென்ற கட்சி. அவருக்குச் சாட்சி நான். தூரத்தில் தனியாக நின்ற ஆகப் பெரிய கப்பலின் பீரங்கிகளை நான் எண்ணி வைத்திருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "எத்தினை, சொல்லு," என்பார். நான் பத்து என்பேன். "பத்துப் பீரங்கி வாசல்ல நிக்குது. இனி ஆர் வருவான்?" என்று அவர் வெற்றிலைத் தட்டை நகர்த்துவார். ஒரு பெரிய மனிதரின் வாதம் என் எண்ணிக்கையில் நின்றது. அந்தப் பெருமையில் நான் நிலத்தில் நடக்கவில்லை.

மாமா மட்டும் அந்த நேரத்தில் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மாவின் மூத்த தமையன், கலியாணம் செய்யாதவர், கடற்படைத் துறைமுகத்தில் தச்சுவேலை. நாங்கள் இருந்த வீடு அம்மாவின் சீதனமென்று அவர் கட்டிக் கொடுத்தது. பின்பக்கத்து அறையில் அவர் இருந்தார். போய்விடுங்கள் என்று இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா சிரித்துவிட்டார்.

அந்த நாட்களில் மாமா தலைமயிரில் மரத்தூளும் நகத்தில் சாம்பல் நிறப் பூச்சுமாக வருவார்.

"இரும்புக் கப்பலுக்கு வேலைக்குப் போற ஆளுக்கு மரத்தூள் எங்கையிருந்து வருகுது?" என்று அம்மா பகிடி பண்ணினார்.

"கப்பலுக்குள்ளயும் கதிரை மேசை இருக்குது பிள்ளை," என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாமா யாரோ அந்நியரைப் போலப் பேசினார்.

"மச்சான், இது நான் கட்டின வீடு. காணி உறுதி இன்னும் என்ரை பேரிலதான் கிடக்கு. நாளைக்கு விடிய எழும்பிப் போயிடவேணும்."

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரா?" என்றார் அம்மா.

"விசரில்லை. எத்தினை வருசம் சும்மா இருத்தி வைக்கிறது? இண்டைக்குச் சோத்தைத் திண்டிட்டு எழும்பட்டும்."

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவினார். யப்பான்காரனின் குண்டுக்கு அசையாத மனிதரை ரோசம் ஒரு நொடியில் அசைத்துவிட்டது. அன்று மாலையே மூதூரில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போகத் தோணி பேசியாயிற்று.

விடியற்காலை வேலிப் படலையில் மாமா நின்றார். அப்பா அவரைத் தாண்டிப் போனார். அம்மா முகத்தை மூடிக்கொண்டு போனார். கடைசியாக வந்த என்னை மாமா நிறுத்தினார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு சாண் நீளம், உரலின் வயிற்றைப் போல மெல்லிய வளைவு. வெளிப்பக்கம் சாம்பல் பூச்சு, உள்பக்கம் பூச்சில்லாத வெறும் மரம்.

"இதையும் சேர்த்து எண்ணு," என்றார்.

தோணி குடாவில் அந்தப் பெரிய கப்பலுக்கு முன்பில்லாத அளவு கிட்டப் போயிற்று. நான் மறுபடி எண்ணினேன், பத்துதான். நீருக்கு மேலே அதன் அடிவயிற்றின் சிவப்பு அகலமாகத் தெரிந்தது. வடிவாக இருக்கிறதென்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அப்பா என் மடியைப் பார்த்தார்.

"ஆர் தந்தது?"

சொன்னேன். பிடுங்கிக் கடலில் எறிந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், ஒரு காலை மூதூர்க் கரையில் நின்று திருகோணமலைப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்தோம். பெரிய கப்பல் அதற்கு முன்பே எங்கேயோ போயிருந்தது. எங்கள் வீட்டில் குசினிச் சுவர் ஒன்றுதான் மிச்சம். வேலைத்தலத்தில் நின்றதால் மாமா தப்பினார். "தங்கச்சியைத் துரத்தினவன்ரை வீட்டில கடவுள் போட்ட குண்டு," என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். யுத்தம் முடிந்தபின் மாமா ஒருநாள் மூதூருக்கு வந்தார். அப்பா எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பல வருடங்களின் பின் மாமாவின் செத்தவீட்டுச் செய்தி வந்தபோது, அம்மா அடுப்படியில் இருந்து அழுதார். போகவில்லை.

குளியலறை ஈரத்தை நான் துடைத்து முடித்த பிறகு பேரன் புத்தகத்தோடு ஓடி வந்தான்.

"அப்பப்பா, ஃபேக் ஷிப்! பாருங்கோ!"

பழைய சரக்குக் கப்பலொன்றின் மேல் பலகையும் கன்வஸும் அடித்துப் போர்க்கப்பல் வேஷம் போட்டிருந்தார்கள். பீரங்கிகள் மரம். எதிரி விமானத்தை ஏமாற்றுவதற்காம். உண்மைக் கப்பலின் இரும்புக் கவசம் கிட்டத்தட்ட ஒரு முழத் தடிப்பு. அந்தக் கனம் இல்லாததால் இது உயரமாக மிதக்கும், அடிச்சிவப்பு தெரியும், கிட்டப் போனால் பிடிபட்டுவிடும் என்று பேரன் வாசித்து விளங்கப்படுத்தினான்.

நான் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். நான் எண்ணிய பத்தும் மரம். யப்பான்காரன் ஏமாந்தானோ தெரியாது, அப்பா ஏமாந்தார். கடல் உடைத்த மரப்பீரங்கிகளைத் திருத்தியவர் மாமா. வாயைத் திறந்தால் மறியற்சாலை என்று வெள்ளைக்காரர் சொல்லி வைத்திருப்பார்கள். என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. ஆனால் மரத்தூள், சாம்பல் பூச்சு, சிவப்பு வயிறு, கடைசிச் சோறு எல்லாவற்றையும் கூட்டினால் விடை ஒன்றுதான் வருகிறது. வாயால் சொல்ல முடியாததை, எண்ணத் தெரிந்த ஒரே ஆளின் கையில் அவர் வைத்தார்.

அன்று அப்பா எறிந்த பலகை தாழவில்லை. சாம்பல் பக்கம் மேலாகத் தோணிக்குப் பின்னால் லேசாக மிதந்து வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் சொல் ஞாபகம் வந்தது. ஆனால் பீரங்கிகளோடு ஒரு மரத்துண்டை எப்படிச் சேர்த்து எண்ணுவதென்று எனக்கு விளங்கவில்லை. பத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.