தம்பிக்குக் கொடுத்த கிட்னி

திண்டிவனத்தில் இருக்கும் என் தம்பிக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். வீட்டுக்காரர் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தான். மறுபடியும் பைக் ஓட்டினான், கடையைத் திறந்தான்.

போன ஐப்பசியில் அவன் முகம் வீங்கியது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவிதான் அழுதபடி சொன்னாள். யார் பேச்சையோ கேட்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மாதக்கணக்கில் நாட்டு மருந்து சாப்பிட்டிருக்கிறான். நான் போன் செய்யும்போதெல்லாம், "வேளைக்கு மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன்க்கா" என்பான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? குடுத்தப்புறம் அது என்னுதுதானே" என்றான்.

அந்தக் கிட்னியைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது டயாலிசிஸுக்கு விழுப்புரம் வருகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து என் வீடு நடக்கும் தூரம்தான். அவன் மனைவி மட்டும் வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அவன் எப்படி இருக்கிறான் என்று நான் கேட்பதில்லை.