ஒற்றை மணியில் நின்ற கை

மூன்றாவது டேக்கும் கெட்டது. நான்கு மணிக்கு சர்ச் பாடகர் குழு பயிற்சிக்கு வந்துவிடும். ஆண்டர்சன்பேட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஹாலை அதற்குள் காலி செய்ய வேண்டும். அப்போதே மூன்றேகால்.

முப்பது வருடம் மற்றவர்களின் ரெக்கார்டிங்கில் டிரம்ஸும் காங்கோவும் வாசித்த எனக்கு அது முதல் சொந்த ஆல்பம். பிரேசில் தாளத்தில் தொடங்கி, ஜாஸுக்குப் போய், ஃபங்கில் முடியும் பாட்டு. ஒரே ஹாலில் எல்லாரும் சேர்ந்து வாசித்ததால் ஒருவர் தடுமாறினால் அது எல்லா மைக்கிலும் ஏறிவிடும். ஒட்டுப்போட வழியில்லை.

தடுமாறியது தயாளன். எங்கள் தங்கச் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் குடியிருப்புக்காரன், என் பள்ளித் தோழன். சுர்தோ என்னும் பெரிய பிரேசில் டிரம் அவனிடம். ரிகர்சல் நடந்த இரண்டு மாதமும் பிசகாமல் வாசித்தவன், அன்று தாளம் ஃபங்குக்கு மாறும் இடத்தில் மட்டும் கையை நிறுத்திவிட்டான். மூன்று டேக்கிலும் அதே இடம்.

“இன்னாடா ஆச்சு ஒனக்கு?”

“தெர்லடா. கை நின்னுடுது.”

பெங்களூரிலிருந்து வந்திருந்த பாஸ் கிட்டாரிஸ்ட் நவீன் என் காதருகே வந்தான். “சார், சுர்தோவ மிஷின்ல லூப்பா ஓட்டிக்கலாம் சார். டைம் இல்ல.”

எனக்குப் பயம். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. “தயாளா, நீ உக்காருடா. மிஷின் போட்டுக்கறோம்.” எல்லார் முன்னாலும் சொன்னேன்.  அவன் டிரம்மைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

நான் மைக் லெவல் பார்க்க அகோகோவில் ஒரு தட்டு தட்டினேன். அகோகோ என்பது இரும்பு மணி. ரிகர்சலில் தாளம் மாறும் இடத்தில் வாயால் கவுண்ட் சொல்லிவந்தோம். ரெக்கார்டிங்கில் குரல் ஏறக்கூடாதே என்று, அன்றுதான் அதற்குப் பதிலாக மணியில் ஒரு தட்டு என்று மாற்றியிருந்தேன்.

தட்டியதும் தயாளனின் கை பாதி ஜிப்பில் நின்றது. மறுபடி இழுத்தான். மறுபடி தட்டினேன். மறுபடி நின்றது.

சுரங்கம் மூடும்வரை அவன் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்னும் ஆழக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ், அந்த இரும்புக் கூண்டு, அவன் கையில். கீழேயிருந்து வரும் மணிதான் அவனுக்கு உத்தரவு. எங்கள் ஊரில் இது தெரியாத வீடே கிடையாது. என் மரமண்டைக்குத்தான் உறைக்கவில்லை.

“ஒத்த பெல்லுன்னா இன்னாடா?”

“ஸ்டாப்.” சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிந்தது. “நிறுத்தலன்னா ஆளு செத்துடுவான்டா.”

“ரெண்டு பெல்லு?”

“எறக்கணும்.”

“அப்ப எறக்கு. டிரம்ம எடு.”

மூன்று நாற்பதுக்கு நான்காவது டேக். வெளியே பாடகர் குழுவின் பேச்சுக்குரல் கேட்க ஆரம்பித்திருந்தது.  அந்த இடம் வந்தது. இரண்டு தட்டு தட்டினேன். தயாளனின் கை இறங்கியது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆல்பத்தில் இருப்பது அந்த டேக்தான்.

கூட வாசிப்பவர் தப்பு செய்தால் முதலில் நாம் கொடுத்த சைகையைப் பார்க்க வேண்டும். இதைக் கற்க எனக்கு முப்பது வருடமும் ஒரு நண்பனின் அவமானமும் தேவைப்பட்டன. எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“வுடுடா,” என்றான் தயாளன். “ஆனா ஒத்த பெல்லு அடிச்சன்னா, நாளைக்கும் நிறுத்துவேன்.”