கிள்ளான் பங்களாவுக்கு லிஃப்ட் வந்த நாள்

பிப்ரவரியில் அலுவலக வேலையாகக் கோலாலம்பூர் போயிருந்தேன். வேலை வெள்ளியன்றே முடிந்துவிட்டதால், சனிக்கிழமை கிள்ளானில் இருக்கும் ஷமீமாவைப் பார்க்கக் கிளம்பினேன். அவள் மலேசியாவிலிருந்து திருச்சிக்குப் படிக்க வந்தபோது இருவரும் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அவள் வாழப்போன வீடு பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்ட பழைய பங்களா. அதை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் வெகுநாள் ஆசை.

பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் சென்ட்ரல் நிலையத்தில் கொமூட்டர் என்னும் புறநகர் ரயிலைப் பிடித்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம், கட்டணம் ஆறு ரிங்கிட்டுக்குள். உள்ளே குளிர் அதிகம், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் காரில் எட்டு ரிங்கிட்.

"அந்தப் பெரிய பங்களாவா அக்கா? போன மாசம்கூட லோரில சாமான் வந்து இறங்குச்சு. உள்ள என்னமோ வேலை நடக்குதுலா" என்றார் ஓட்டுநர்.

என்ன வேலை என்று ஷமீமா சொன்னாள். அவள் கணவர் நசீர் ஜவுளி வியாபாரம் செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். படுக்கையறை மாடியில் என்பதால், கீழே கூடத்தில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவே லிஃப்ட் வைக்கலாம் என்றால், முகப்பு மட்டுமல்லாமல் கூடத்தின் தேக்குப் படிக்கட்டு, பூ வேலைப்பாடுள்ள தரைக் கற்கள், வண்ணக் கண்ணாடி எதையும் தொடக்கூடாது என்று விதி. படிக்கட்டின் ஓரமாக மேலும் கீழும் நகரும் இருக்கை பொருத்தவும் அனுமதி கிடைக்கவில்லை.

உள்ளேதானே, யாருக்கும் சொல்லாமல் வெட்டிவிடலாம் என்றாராம் ஒப்பந்தக்காரர். ஷமீமா சம்மதித்துவிட்டாள். நசீர்தான் மறுத்துவிட்டார். என் காலுக்காக இந்தப் படியை வெட்ட வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

"எனக்கு வந்துச்சே கோவம். படிக்கட்டு முக்கியமா, நான் முக்கியமான்னு கேட்டுட்டேன். ஒரு வாரம் பேசல" என்றாள். பேசாத அந்த வாரத்திலும் கீழே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சோபாவில்தான் படுத்தாளாம்.

வழி காட்டியது, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஒரு கட்டடக் கலைஞர். பின்பக்கச் சமையலறையும் அதன் மேலிருக்கும் குளியலறையும் பிற்காலத்தில் சேர்த்தவை என்று பழைய வரைபடங்களை வைத்துக் காட்டினார். அந்தப் பகுதிக்குள் மட்டும் லிஃப்ட் வைக்க, பல மாத அலைச்சலுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. அத்தனை பெரிய மாளிகையில் மாடிக்குப் போக மசாலா டப்பாக்களைத் தாண்டிப் போக வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் போன அன்றுதான் முதல் பயணம். லிஃப்டில் இருவருக்குத்தான் இடம். நான் படியேறி மேலே காத்திருந்தேன். கதவு திறந்ததும் ஷமீமா நசீரின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அறைக்குள் போனதும் அவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். வெளியே மரத்தையும் தெருவையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீமா விரிப்பை மாற்றுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் தன் நல்ல கையால் கட்டிலைத் தட்டினார்.

"வா, இங்க உக்காரு. ரெண்டு வருசமா கழுத்து வலியோட தூங்குற."

அவள் உட்கார்ந்தாள்.

விதியை நான் அதுவரை வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். தொந்தரவுதான். ஆனால் வண்ணக் கண்ணாடியின் வெளிச்சம் விழும் அந்தத் தேக்குப் படியில் ஏறி வந்தபோது, நசீர் ஏன் மறுத்தார் என்பது புரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கிள்ளானின் பழைய தெருக்களைக் காலையிலேயே நடந்து பார்த்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் மழை வரலாம். தனியார் பங்களாக்களுக்குள் அழைப்பில்லாமல் போக முடியாது. பழைய வீடு வாங்கும் எண்ணமிருந்தால், எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று முதலில் விசாரியுங்கள். நண்பர்கள் படங்கள் கேட்கிறார்கள். படிக்கட்டைத்தான் எடுத்தேன். அவர்கள் இருவரையும் படமெடுக்காமல், மாடியறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன்.