ஒரு பக்கம் வெறுமையாக இருந்த தாள்கள்

ஆம்ப்ரோஸ் பாதிரியார் புகைக்குழாயைப் பற்றவைத்த காகிதத் திரியில் தன் கையெழுத்து கருகுவதைத் தீர்சா பெல்லோ பார்த்தாள். பிடுங்கி ஊதி அணைத்தாள். திரி ஜாடியைக் கவிழ்த்தாள். இன்னும் இருபத்திரண்டு திரிகள். எல்லாம் அவள் எழுதிய சீட்டுகள்.

இங்கிலாந்தில், கார்ன்வாலின் ஒரு கிராமத்தில் தம்பி ஆம்ப்ரோஸின் வீட்டைப் பதினோரு வருஷமாக நடத்துகிறவள் அவள். பழைய புத்தகங்களைப் படித்து ஆங்கிலப் பேரகராதிக்கு மேற்கோள்களை வருஷம், பக்க எண்ணோடு சீட்டில் எழுதி அனுப்பச் சொல்லி ஊருக்கெல்லாம் வந்த அழைப்பு, தன்னை மட்டும் கூப்பிட்டது போலிருந்தது அவளுக்கு. மற்றவர்கள், யாரும் கேட்டிராத சொற்களாகப் பொறுக்கி அனுப்பினார்கள். தினமும் புழங்குகிற சொற்களுக்குச் சீட்டே இல்லை என்று அகராதிக்காரர்கள் கடிதம் போட்டார்கள். தீர்சா ‘ஆஃப்டன்’ என்பதை எடுத்துக்கொண்டாள். அடிக்கடி என்று அர்த்தம், குழந்தைக்கும் தெரியும். ஆனால் பழைய ஏடுகளில் ‘ஆஃப்ட்’ என்ற குட்டைச் சொல்தான் ஆண்டது. நீண்டது பின்னால் வந்து, மூத்ததைப் பாட்டுக்குள் ஒதுக்கிவிட்டது. பழைய வைத்திய நூல் ஒன்றில் ‘அடிக்கடிக் காய்ச்சல்’ என்று நோய்க்கே பட்டமாக நின்றது. மூன்று மாதம் தேடிக் கண்ட அந்தச் சீட்டுதான் இப்போது பாதி கருகியிருந்தது. சீட்டுக் கட்டு திங்கட்கிழமைத் தபாலில் போகவேண்டும்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டாள்.

“ஒரு பக்கம் வெறுமையா இருந்துச்சு, கிழிச்சேன். அடிக்கடின்னா என்னன்னு நம்ம நான்ஸுக்கே தெரியும். அதுக்கு எதுக்கு அகராதி?”

தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த சமையல்காரி நான்ஸ் நின்றாள். “தெரியும் ஐயா. பைபிள்ல வர்ற கெட்ட குமாரன் கதையை நீங்க பிரசங்கம் பண்ற மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை. தீர்சாவும்தான். வாயைத் திறந்தால் பதினோரு வருஷமும் சேர்ந்து வந்துவிடும்போலிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அவர் நோயில் கிடந்த சபையாரைப் பார்க்கப் போனதும் படிப்பறைக்குள் நுழைந்தாள். மேஜைமேல் ஞாயிறு பிரசங்கம், பதினெட்டுத் தாள். நல்ல கனம், ஒரு பக்கம்தான் எழுத்து. தையல் கத்தரிக்கோலால் அளவெடுத்து வெட்டினாள். புத்தகங்களை இறக்கி, ஒவ்வொரு மேற்கோளாகத் திரும்ப எழுதினாள்.

அவர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நாளைக்கு நான் என்ன பேசுவது என்று கேட்டார்.

“ஒரு பக்கம் வெறுமையா இருந்துச்சு, ஆம்ப்ரோஸ். கெட்ட குமாரனையே பேசு. உனக்குத்தான் மனப்பாடமாச்சே.”

அவள் தலை நிமிரவில்லை. மிச்சமிருந்தது வைத்தியச் சீட்டு. அந்த நூலை இரவல் தந்த டாக்டர் அதைத் திரும்ப வாங்கிப்போய் ஒரு மாதமாகிறது. கருகிய துண்டை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாள். வரி இருந்தது, வருஷம் இருந்தது. பக்க எண் எழுதியிருந்த மூலைதான் இல்லை.