பசை காயும்வரை

அந்தப் பட்டறைக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட கை. மீசை முளைப்பதற்கு முன்பே வெல்டிங் பிடித்த கை. அடுத்தவன் பட்டறையில் தரை கூட்டி, சுத்தியல் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, கடைசியில் அதே தெருவில் அதைவிடப் பெரிய பட்டறை போட்ட கை. லாரிக்குக் கூடு கட்டுவதில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். இன்றைக்கும் நெடுஞ்சாலையில் ஒரு லாரி குலுங்காமல் போனால் அது அவர் கட்டியது. ஆட்டம் போட்டுக்கொண்டு போனால் வேறு எவனோ கட்டியது. இதை அவரே எல்லோரிடமும் சொல்வார். சொன்னால் என்ன, பொய்யா?

அப்பேர்ப்பட்டவரை, இனிமேல் பட்டறைப் பக்கம் வர வேண்டாம் என்று அவர் பெற்ற மகளே சொல்லிவிட்டாள்.

வயதாகிவிட்டது என்றோ கண் மங்கிவிட்டது என்றோ சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பார். அவள் சொன்ன காரணம் வேறு. ஒரு வண்டியின் அடிச்சட்டத்தை வெல்டிங்கில் ஒட்டி முடித்தால், இரும்பு ஆறும்வரை அதை இறுக்கிப் பிடித்திருக்கிற கிளாம்பைக் கழற்றக் கூடாது. கழற்றினால் சட்டம் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். இது அவருக்குத் தெரியாததா? தனி ஆளாக வேலை பார்த்த காலத்தில் பட்டறை முழுக்க வண்டி நிற்கும். ஒன்று ஆறுவதற்குள் அடுத்ததற்குத் தாவுவார், அது ஆறுவதற்குள் இன்னொன்று. காத்திருந்ததாகவே தெரியாது. மகள் பொறுப்பேற்ற பிறகு ஆட்கள் பெருகினார்கள். அப்பாவுக்கு மரியாதையாக ஒரே ஒரு வேலையை ஒதுக்கினார்கள். அந்த ஒரே வேலையின் முன்னால் சும்மா நிற்க அவருக்குத் தெரியவில்லை. கை துறுதுறுத்தது. ஆறுவதற்குள் கிளாம்பைக் கழற்றிவிட்டார். சட்டம் முறுக்கிக்கொண்டது. அறுத்து மறுபடியும் ஒட்டினார்கள். பிறகு இன்னொரு வண்டியிலும் அதே கதை. மகள் அவர் கையிலிருந்த வெல்டிங் பிடியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "வீட்டுல இருங்கப்பா" என்றாள்.

வீட்டில் இருந்தால் தெரியும் சங்கதி. எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு அது டக் டக்கென்று பேச ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயை இறுக்கினார், ஒழுகியது. குக்கர் கைப்பிடியின் திருகைக்கூட விட்டுவைக்கவில்லை. மனைவி, அவர் திருப்புளியை எங்கே வைக்கிறார் என்று பார்த்துப் பார்த்து ஒளித்துவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளை ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். மெதுவாகச் சாப்பிடுவார், மெதுவாகப் பேசுவார். பெட்டியில் துண்டு துண்டாக வருகிற பிளாஸ்டிக் விமானங்களை வாங்கி, ஒட்டி, சாயம் பூசி, அலமாரியில் வரிசையாக அடுக்குவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. மாமனாருக்கு அந்த அலமாரியைப் பார்த்தாலே உடம்பு எரியும். நிஜ லாரிக்கே கூடு கட்டின வீட்டில் பொம்மை ஒட்டுகிற மாப்பிள்ளை. அன்றைக்குப் புதிதாக ஒன்று ஏறியிருந்தது. ஒரு மாதமாயிற்று அதை முடிக்க என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொல்லப்போக, கிழவர் சிரித்துவிட்டார். இதற்கு எதற்கு மாதக்கணக்கு, நமக்கெல்லாம் ஒரு மத்தியானம் போதும் என்றார். மாப்பிள்ளை சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"சரி, இவர் இன்னும் பிரிக்காத பெட்டி ஒண்ணு இருக்கு, செஞ்சு காட்டுங்க. உங்களுக்கு ஒரு வாரமே தர்றேன். ஒழுங்கா வந்திருந்தா மறுநாளே பட்டறைக்கு வந்து உங்க பிடியை எடுத்துக்கோங்க. வரலேன்னா அப்புறம் இதைப் பத்திப் பேசக் கூடாது."

"எங்க அந்தப் பெட்டி?" என்று எச்சில் கையோடு எழுந்தார் அவர்.

வீட்டுக்கு வந்து திறந்தால், பெட்டிக்குள் விமானமே இல்லை. சாம்பல் நிறச் சட்டங்களில் பிஞ்சும் காயுமாக என்னென்னவோ தொங்கின. படம் போட்ட தாள் ஒன்று இருந்தது. அதை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார், மேசையில் கறை படக் கூடாதே. துண்டுகளைக் கத்தரித்து எடுக்க வேண்டும் என்று படத்தில் இருந்திருக்கிறது. அவர் காய் பறிக்கிற மாதிரி முறுக்கிப் பறித்தார். பறித்த இடமெல்லாம் பல் பிடுங்கினாற்போல் ஆனது.

விமானத்தின் உடம்பு இரண்டு பாதியாக இருந்தது. ஒரு பாதியின் ஓரத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன. இறக்கைகளின் அடியிலும் அப்படியே. அச்சில் வார்த்தவன் சோம்பேறி, பிசிறைக்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிசிறோடு ஒரு துண்டு கையில் வந்தால் அதைத் தேய்க்காமல் அவருக்கு மூச்சு விட முடியாது. அரத்தை எடுத்தார். ஒவ்வொரு மொட்டையும் மொழுமொழுவென்று வழித்தார். எதிர்ப் பாதியில், சரியாக அதே இடங்களில், குழிகள் இருந்தன. அவற்றையும் பார்த்தார். வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்திருக்கிறது என்று அதற்கும் அவனையே திட்டினார்.

அப்புறம் எது எதோடு சேரும்? இரண்டு பாதியையும் சேர்த்தால் மேலே பொருந்தியது, கீழே வழுக்கியது. கீழே பிடித்தால் மூக்கு விலகியது. பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு விரலில், சட்டையில், மூக்குக் கண்ணாடியில், விமானத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒட்டியது. பட்டறைக் கிளாம்பைக் கொண்டுவந்து மாட்டினார். லாரிச் சட்டத்தை அடக்குகிற கிளாம்ப் அது. விமானத்தின் உடம்பில் ஒரு குழி விழுந்தது.

ஒரு சக்கரம் இடுக்கியிலிருந்து துள்ளி எங்கேயோ போயிற்று. பட்டறையில் திருகாணி விழுந்தால் குனிந்து தேடுகிற வழக்கம் கிடையாது. கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் தானே வந்து ஒட்டும். அவர் அந்தக் காந்தத்தைத்தான் எடுத்தார். கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். மனைவியின் ஹேர்பின்கள் வந்தன, ஒரு ஊக்கு வந்தது, காணாமல் போயிருந்த திருப்புளிகூட சோபாவுக்கு அடியிலிருந்து வந்தது.

"அது பிளாஸ்டிக்குங்க," என்றாள் மனைவி.

"தெரியும்," என்றார், இன்னொரு சுற்று நடந்துவிட்டு.

சக்கரம் கிடைக்கவில்லை. இரும்புத் தகட்டில் ஒன்று வெட்டிப் போட்டார். அது அச்சு அசலாக இருந்தது, அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இறக்கை நிற்க மாட்டேன் என்றது. ஒட்டிவிட்டு எழுந்து சன்னல்வரை போவார், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார், இறக்கை தொய்யும். சாயம் பூசிவிட்டு வாசல்வரை போவார், வந்து காய்ந்ததா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், ரேகை பதியும். மறுபடி பூசுவார், மறுபடி அழுத்துவார். உட்கார்ந்தால் கால் ஆடியது, எழுந்தால் கை அரித்தது. கடைசியில், சூடு காட்டினால் சீக்கிரம் காயாதா என்று மனைவி தலை உலர்த்துகிற கருவியை எடுத்து இறக்கைக்கு நேராகப் பிடித்தார். பசை காய்ந்தது. இறக்கை அப்பளம் மாதிரி சுருண்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக வந்தார். விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, இதுல மொட்டு மொட்டா இருந்திருக்குமே?"

"பிசிறா? எல்லாத்தையும் எடுத்தாச்சு."

மாப்பிள்ளைக்கு இருமல் வந்தது. அந்த மொட்டு எதிர்க் குழியில் போய் உட்கார்ந்துதான் இரண்டு பாதியையும் நேராகப் பிடித்துக்கொள்ளும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பட்டறைக்காரர் டீ கிளாஸுக்கு அடியில் இருந்த தாளை இழுத்துப் பார்த்தார். முதல் படத்திலேயே அது பெரிதாகப் போட்டிருந்தது, நடுவில் வட்டமாக டீக் கறையோடு.

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "இதே விமானம் நான் முன்னாடியே ஒண்ணு முடிச்சது இருக்கு, பின் வரிசையில. அவ கவனிச்சதே இல்லை. கொண்டாந்து தரட்டுமா?"

பட்டறைக்காரர் எழுந்து கூடத்தில் நடந்தார். ஒரு தலையசைப்பு போதும். திங்கட்கிழமை காலையில் பட்டறையின் இரும்புக் கதவு மேலே உருளுகிற சத்தம், உள்ளே சூடான இரும்பின் வாசனை, ஆணியில் தொங்குகிற அந்தப் பிடி. சமையலறை வாசல்வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். மாப்பிள்ளையின் முகம் அவரோடு கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மாப்பிள்ளை. நான் ஒட்டாத வண்டியை நான் ஒட்டினேன்னு ஒருநாளும் சொன்னதில்லை. ஒட்டினதைத்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன்."

மறுநாள் மகள் வீட்டு மேசையில் அதை வைத்தார். கையை எடுத்ததும் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்தது. மூக்குக்குள் எடை வைத்து மூடியிருக்க வேண்டுமாம், அதுவும் படத்தில் இருந்ததுதான். கிளம்பத் தயாராகிவிட்டது பார் என்றார் அவர். மனைவி மட்டும் சிரித்தாள். மகள் குனிந்து, ஒரு வண்டியைச் சோதிக்கிற மாதிரி, நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள்.

"கோணலா இருக்கறதை நான் சொல்லலைப்பா. இந்த ரேகையைப் பாருங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. காயறவரைக்கும் உங்களால விட முடியலை."

பேச்சில் யாரிடமும் தோற்காதவர் அன்றைக்கு விமானத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

திங்கட்கிழமை காலையில், பட்டறை திறக்கிற நேரத்துக்குக் காலில் செருப்பை மாட்டினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றிவிட்டார். மேசைக்குப் போய் இறக்கைகளைப் பிரித்தெடுத்தார். சுருண்டதை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினார். வழித்த மொட்டு ஒவ்வொன்றுக்கும் பதிலாக மெல்லிய கம்பியை நறுக்கிச் செருகினார். பசை தடவி, இரண்டு இறக்கையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசைக்கு அடியில் இரண்டு காலும் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தன. மூக்கு நுனி அரித்தது. தெருவில் ஏதோ லாரி போயிற்று, யார் கட்டியது என்று எழுந்து பார்க்க உயிர் துடித்தது. பார்க்கவில்லை.

அப்போது போன் அடித்தது. மனைவி எடுத்தாள். மகள்தான். பழைய வண்டி ஒன்று வந்திருக்கிறதாம். அடிச்சட்டத்தில் எந்த இடத்தில் வெட்டுவது என்று யாருக்கும் பிடிபடவில்லையாம். அப்பா உடனே வர முடியுமா என்று கேட்கிறாள்.

"கையை எடுக்க முடியாதுன்னு சொல்லு," என்றார். "காயட்டும்."

மனைவி அதை அப்படியே சொன்னாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில வந்து பாருங்கன்றா. உங்க பிடியையும் எடுத்து வைக்கறாளாம்" என்றாள்.

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் சாய, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்துவிட்டார். இடது இறக்கை கம்பியோடு நழுவி, மேசையில் மல்லாந்தது.

போனில் மகளின் குரல் ஏதோ கேட்டது. "என்ன சத்தம்னு கேக்கறா," என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்று சொல்லிவிடவா என்பதுபோல் அவள் பார்த்தாள்.

அவர் இறக்கையைப் பார்த்தார். நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். பழைய பசையைத் துணியால் துடைத்தார்.

"விழுந்துடுச்சுன்னு சொல்லு. நாளைக்கு வரலை. எங்க வெட்டணும்னு தெரியணும்னா வண்டியை இங்க வாசலுக்கு ஓட்டிட்டு வரச் சொல்லு, சன்னல் வழியா பாத்துச் சொல்றேன். இந்த இறக்கை நின்னப்புறம்தான் அங்க வருவேன்."

மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என்ன பதில் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை. புதுப் பசை தடவி, இறக்கையைக் கம்பியில் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கால்கள் மட்டும் மறுபடியும் ஓட ஆரம்பித்தன.