கொள்ளு காய்ந்த சாலையில் ஒரு பந்தயக் கார்

காலை ஆறரை மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து கிளம்பினோம். தெருவுக்கே தெரிவித்துவிட்டுத்தான் கிளம்பினோம். என் காரின் சைலன்சர் அப்படி. எதிர்வீட்டு வாத்தியார் மாடி ஜன்னலைப் படாரென்று சாத்தினார். மார்கழி முழுக்க விடியும் முன்னே ஒலிபெருக்கி வைக்கிற கோயிலுக்கு நன்கொடை கொடுப்பவர் அவர். அது பக்தி, என் கார் மட்டும் இரைச்சலாம்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷப் பழைய செடான். வந்த புதிதில் இதைப் பார்த்து ஏங்காத கல்லூரிப் பையன் கிடையாது. நான் மூன்றாவது கையாகப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். அன்றிலிருந்து இதில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டோ கழற்றிக்கொண்டோதான் இருக்கிறேன். ஸ்பிரிங்கை மாற்றி மூன்று விரல்கடை தரையோடு தணித்தேன். எடையைக் குறைக்க ஏசி போயிற்று, பின்சீட்டு போயிற்று, சைலன்சர் குழாயைச் சுற்றி இருந்த தகரத் தடுப்புகள் போயின. முன் பம்பருக்குக் கீழே காற்றைக் கிழிக்க ஒரு கறுப்புப் பலகை வந்தது. வெயில் ஏறினால் பசை மாதிரி தரையைப் பிடிக்கிற டிராக் டயர்கள் வந்தன. வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் கட்டணம் கட்டிச் சுற்றுவேன். பதினோரு வருஷ உழைப்பில் ஒரு சுற்றுக்கு இரண்டு விநாடி மிச்சம் பிடித்திருக்கிறேன். வேறு நாடாக இருந்தால் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள். இங்கே டிராக்கில் கொடி காட்டுகிறவர்கள்கூட, எண்ணெய் ஒழுகுகிறது, போதும் போங்க என்று என்னை வெளியே அனுப்புவதிலேயே குறியாக இருக்கிறார்கள்.

என் மனைவி வசந்தி சென்ற மாதம் ஒரு சட்டம் போட்டாள். இந்தக் கார் இன்னும் ஒரே ஒரு தடவை வழியில் நின்றாலும் விற்றுவிட வேண்டும். தர்மபுரி சாலையில், கொளுத்தும் வெயிலில், கல்யாணப் பட்டுப்புடவையோடு அவள் இதைத் தள்ளிய அன்று போட்ட சட்டம். நானும் தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு காரை எடுத்த முதல் பயணம் இது. ஏற்காடு மலையில், மாரமங்கலத்தில் அவள் தம்பி கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், ஒன்பதுக்கு மேல் முகூர்த்தம். வீட்டில் இருக்கிற ஒழுங்கான காரை மகள் பெங்களூருக்கு எடுத்துப் போயிருந்தாள். பஸ்ஸில் போகலாம் என்றாள் வசந்தி. மலைக்குப் போக இதைவிட நல்ல கார் உண்டா என்று நான் கேட்டேன். பின்சீட்டு இல்லாததால் வரிசைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டிராக்குக்காக நான் மாட்டிய நாலு வார் பெல்ட்டைத் தட்டோடு போட முடியாது என்பதால் வெறும் இடுப்பு வாரோடு விட்டுவிட்டாள்.

அடிவாரம் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் வேகத்தடைகளை எண்ணினால் வேறு மாநிலமே போய்விடலாம். யார் கேட்டார்கள், யார் அளந்தார்கள் என்று தெரியாமல், வெள்ளைக்கோடுகூட இல்லாமல், ஆளாளுக்குத் தன் வாசலில் ஒரு குட்டி மலை கட்டி வைத்திருக்கிறார்கள். தணித்த கார் ஒவ்வொன்றிலும் குறுக்காகச் சாய்ந்து, நண்டு நடக்கிற மாதிரி ஏறி இறங்க வேண்டும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். வேகத்தடை வைத்தவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுவான்.

அடிவாரத்தில் டீ குடித்தோம், பதினைந்து ரூபாய். சோதனைச் சாவடிக்காரர் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே எட்டிப் பார்த்து, பின்சீட்டு எங்கீங்க என்றார். எடை குறைக்கக் கழற்றிவிட்டேன் என்றேன். அவர் என் தொப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டைத் தூக்கிவிட்டார். அரசாங்க ஊழியர்களின் மரியாதைக் குறைவு பற்றி நான் இரண்டு கொண்டை ஊசி வளைவு வரை பேசிக்கொண்டே போனேன்.

ஆனால் அந்த இருபது வளைவுகளையும் என் கார் ஏறியதைச் சொல்ல வேண்டும். காலைக் குளிர், காலிச் சாலை, இரண்டாம் கியரில் இன்ஜின் பாடுகிற பாட்டு. வளைவுக்கு வளைவு டயர் சூடேறிப் பிடித்தது. ஒரு சுற்றுலா வேன் மட்டும் நட்ட நடு வளைவில் நின்று குரங்குக்குச் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்தது. குரங்கே வெட்கப்பட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டது, வேன் விடவில்லை. ஏற்காட்டை ஏழரைக்கே தாண்டி, ஏரிக்கரையில் காபிக்குக்கூட நிற்காமல் மாரமங்கலம் சாலையில் திரும்பினேன். வசந்தி தட்டிலிருந்த வாழைப்பழத்தைப் பிடித்தபடி, இன்னும் நிற்கலியே என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

எஸ்டேட் வேலிகளும் சில்வர் ஓக் மரங்களும் முடிந்து, ஒரு வளைவு திரும்பியதும், சாலையைக் காணோம். நாற்பதடி நீளத்துக்குத் தார் தெரியாமல் கொள்ளுச்செடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகள் மிதித்துக் காயை உடைத்துக் கொடுக்கும், இவர்கள் வாரிக்கொள்வார்கள். கூலியும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஓரத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் துண்டு, கையில் கவைக்கோல், வாங்க வாங்க என்று எனக்குக் கை காட்டினாள். ஏதோ அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பது போல. சின்னப்பொண்ணு என்று பெயர், பின்னால் தெரிந்துகொண்டேன்.

சுற்றிப்போக வேறு வழியில்லை. பொதுச்சாலையைக் களமாக்குகிற அநியாயத்தைப் பற்றி வசந்தியிடம் சொல்லிக்கொண்டே உள்ளே விட்டேன். ஜீப் என்றால் மேலே ஏறிப் போயிருக்கும். என் பம்பர்ப் பலகை மண்வெட்டி மாதிரி செடியை வாரிக்கொண்டே போயிற்று. பாதி தூரத்தில் காருக்கு முன்னால் வைக்கோல் போர் மாதிரி ஒரு குவியல். காருக்கு அடியில் இன்னொன்று. கார் நின்றது. இருபது வளைவு ஏறிய சைலன்சர் குழாய், தகரத் தடுப்பு இல்லாமல், காய்ந்த செடிக்குள் நன்றாகப் புதைந்து உட்கார்ந்திருந்தது.

முதலில் வாசனைதான் வந்தது, கொள்ளு வறுக்கிற நல்ல வாசனை. பசி வேறு எனக்கு. பிறகு என் கால் பக்கத்தில் புகை வந்தது.

வசந்தி ஒரே சொடுக்கில் இடுப்பு வாரைக் கழற்றி, தட்டோடு இறங்கிவிட்டாள். தாம்பூலம்கூடச் சிதறவில்லை. என்னை நாலு வார் கட்டியிருந்தது. அதன் கொக்கி எங்கே என்று பதினோரு வருஷமாகத் தெரிந்த கை, அப்போது என் சட்டைப் பட்டனை அவிழ்த்துக்கொண்டிருந்தது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வந்ததும் தண்ணி, தண்ணி என்று கத்திக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினேன். என் சீட்டுக்கு அடியில், டிராக் விதிப்படி, பளபளவென்று ஒரு தீயணைப்பு உருளை இருந்தது. அதை விட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது சின்னப்பொண்ணு கவைக்கோலால் காரின் அடியிலிருந்து செடியை இழுத்துக்கொண்டிருந்தாள். காரைக் காப்பாற்ற அல்ல. தீ தன் கொள்ளு முழுதும் பரவிவிடக் கூடாதென்று. எங்கிருந்தோ ஓடி வந்த அவள் வீட்டுக்காரரும் வசந்தியும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, காரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் குறியும் கொள்ளுதான். வசந்தியின் குறி என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் ஓடி வந்து சேர்வதற்குள் தீ அடங்கி, மூன்று பேரும் கருகிய ஒரு கைப்பிடிச் செடியைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உருளை ஞாபகம் வந்தது. எடுத்தேன், அழுத்தினேன், முழுதையும் காலி செய்தேன். வெள்ளைப் பொடி மேகமாகக் கிளம்பி, தீயில் தப்பிய கொள்ளின் மேல் நிதானமாகப் படிந்தது.

சின்னப்பொண்ணு அந்த வெள்ளையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, தீ அணஞ்சு போச்சேன்னு வருத்தமுங்களா?"

என் கோபத்துக்கு அது போதும். பொதுச்சாலை, சட்டம், உயிர்ச்சேதம், கலெக்டர் என்று வரிசையாகப் பேசினேன். அவள் பொடி படிந்த செடியைத் தனியாக ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். பிறகு என் டயரைப் பார்த்தாள். சூட்டில் இளகிய டயரில் கொள்ளு மணி மணியாக ஒட்டியிருந்தது. வண்டியை ஓட்டிக்கொண்டே என் பண்டத்தைக் கொண்டுபோகப் பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்தாள். நான் திருடன் என்று ஆகிவிட்டது. வசந்தி உட்கார்ந்து, என் ரேஸ் டிராக் கதையை அவளிடம் சொல்லிக்கொண்டே டயரிலிருந்து கொள்ளைப் பொறுக்க ஆரம்பித்தாள். கட்சி மாறிவிட்டாள் என்று அப்போதே புரிந்தது.

களத்தில் அடிக்க வேண்டியதுதானே, ரோட்டில் என்ன வேலை என்று கேட்டேன்.

"களம் எங்கீங்க இருக்குது? அந்தா, அந்தப் பாறைதான் எங்க களம். காட்டேஜ்காரங்க வாங்கி உங்களாட்டம் வாரவங்களுக்குக் காரு நிறுத்த வெச்சுட்டாங்க. உங்களுக்கு ஓட்டறதுக்குன்னு தனியா ரோடு இருக்குதுன்னு அம்மிணி சொல்லுது. அத உட்டுப்போட்டு இங்க வந்து ரேசு ஓட்டறீங்க. நானாச்சும் எடமில்லாம வந்தனுங்க."

மேட்டில் அந்தப் பாறை தெரிந்தது. அகலமான வழுவழுப்பான பாறை, சுற்றிலும் கம்பி வேலி, மேலே மஞ்சள் கோடு போட்டுக் கார்களுக்கு எண். ஒரு கார்கூட நிற்கவில்லை. என் கோபம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. கோபத்துக்கு என்ன, ஆள் கிடைத்தால் சரி. காலிப் பாறையைப் பூட்டி வைத்துவிட்டு இரண்டு கிறுக்கர்களை ஒரே சாலையில் மோத விட்டிருக்கிறார்கள் என்று கத்தினேன். சின்னப்பொண்ணு முதல் தடவையாக என் பேச்சுக்குத் தலையாட்டினாள். கிறுக்கர்கள் என்று பன்மையில் சொன்னதை மட்டும் வசந்தி திருத்தினாள்.

காருக்குப் பெரிய சேதமில்லை. சைலன்சரைத் தாங்குகிற ரப்பர் ஒன்று உருகியிருந்தது. சின்னப்பொண்ணின் வீட்டுக்காரர் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டினார். உடைந்த பம்பர்ப் பலகையைக் கழற்றிப் பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் போட்டோம். சாலையில் ஓர் ஓரம் ஒதுக்கித் தந்தார்கள். மீதி தூரம் இரண்டு கிலோமீட்டர். கார் தானாக நிற்கவில்லை, கொள்ளால் நிறுத்தப்பட்டது, இரண்டுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு என்று நான் மட்டும் வாதாடிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது பால் பொங்கி, டிபன் முடிந்து, எங்களுக்கு ஆறிப்போன கேசரியும் இரண்டு பணியாரமும் மிச்சமிருந்தன. மச்சான் என் தலையிலிருந்த வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டு, வயசாயிடுச்சுங்க மாமா என்றான்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். வந்த வழியேதான். பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. சின்னப்பொண்ணு நீளமான செடியையெல்லாம் வாரி ஓரத்தில் குவித்துவிட்டாள். உதிர்ந்த காய் மட்டும் மெல்லிசாகத் தாரின் மேல் கிடந்தது. பாதிதான் உடைந்திருந்தது. காலையில் எங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப்பும் இரண்டு பைக்கும் போனதோடு சரியாம். மதியம் பஸ் வரவில்லையாம். சாரல் இறங்கினால் நனைந்து முளை விட்டுவிடும், அத்தனை மாத உழைப்பும் மாட்டுக்குத்தான்.

எங்கள் காரைப் பார்த்தாள். மழித்த மாதிரி வழுவழுப்பான அந்த டயரைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் இருந்த சூடும் பசையும் இல்லை. என்னிடம் கேட்கவில்லை.

"அம்மிணி, நீங்க ஓட்டுவீங்களா? மெதுவா, பொடி நடையா?"

இந்தக் காரை வசந்தி ஓட்டியதே கிடையாது. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும், உனக்கு வராது, செடி சிக்கும், மறுபடி பற்றும் என்று எனக்குத் தெரிந்த எல்லா ஆபத்தையும் சொன்னேன். அதற்குள் என் சீட்டில் ஏறி, அதை முன்னால் இழுத்து, சாவியைத் திருப்பிவிட்டாள். நான் சின்னப்பொண்ணின் வீட்டுக்காரரிடம் ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு காருக்குப் பின்னால் நடந்தேன். எந்த நேரத்திலும் ஊற்றத் தயாராக. குனிந்து குனிந்து அடியில் பார்த்ததில் பாதித் தண்ணீர் என் மேலேயே போயிற்று.

போய், திரும்பி, வந்தாள். முதல் கியர் மட்டும்தான். டயருக்கு அடியில் காய் நொறுங்குகிற சத்தம், அவ்வளவு பெரிய சைலன்சர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. சின்னப்பொண்ணு ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தாள். ஜீப்பு டயர் மணியைப் பிளந்துவிடுகிறதாம், இது ஒன்றுகூடப் பிளக்கவில்லையாம். நொம்பப் பதமா அமுக்குதுங்க என்று என்னைப் பார்த்தே சொன்னாள். பதினோரு வருஷத்தில் இந்த டயரைத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதைக் குடமும் கையுமாக வாங்கிக்கொண்டேன்.

கோடு போட்ட பாறை மேலே அப்போதும் காலியாகவே கிடந்தது. பூட்டும் அப்படியே தொங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இறங்கி வருகிற வழியிலும் எரிந்தது, எழுதும்போதும் எரிகிறது.

மேகம் முதல் மரத்தைத் தொட்டபோது காரை ஓரம் கட்டச் சொன்னேன். போதும், இருட்டுவதற்குள் மலையிறங்க வேண்டும் என்றேன். வசந்தி ஜன்னல் வழியே தலையை நீட்டிச் சின்னப்பொண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து வாங்க கண்ணு" என்றாள் அவள்.

டிராக்கில், தெருவில், வீட்டில், இத்தனை வருஷத்தில் இந்தக் காரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. விற்பதைப் பற்றிப் பேச வசந்திக்கு நேரமில்லை. அவள் ரிவர்ஸ் கியரைத் தேடிக்கொண்டிருந்தாள்.